நாற்காலிகளை நகர்த்தியவள்

அம்புரோஸுக்கு எழுபத்தாறு வயது; அவருடைய பிடிவாதத்துக்கு வயதே இல்லை. புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்ந்தவர், இப்போது ஒரு பழைய மோட்டார் சைக்கிளை உயிராக வைத்திருந்தார். ஞாயிறு பூசைக்கு மனைவி பிரிஜிட்டைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவதில் அவருக்கு ஒரு தனி மிடுக்கு.

போன மாதம் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். அதோடு வந்தது வினை. மகள் பமேலா புக்கிட் பெருவாங்கில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரைக் கொண்டுவந்து அப்பாவின் இடுப்பில் மாட்டினாள்.

"ஒரு வாரம் இது இடுப்புலயே இருக்கணும்பா. நீங்க நடக்கறது, எழுந்திரிக்கறது, திரும்பறது எல்லாத்தையும் பதிவு பண்ணும். மறுபடி விழுவீங்களான்னு ஓரளவு தெரிஞ்சிரும். ரிப்போர்ட் மோசமா இருந்தா மோட்டார் சாவி எனக்கு. ஓகேலா?"

மண்டையை ஆட்டினார். அவள் கார் தெருமுனை திரும்பியதும் கைலியை அவிழ்த்துக் கட்டினார். சென்சார் தரையில் விழுந்தது. அப்போதுதான் அந்தக் குறுக்குப் புத்தி வந்தது.

"நீ மாட்டிக்க புள்ள. என் நடைய நம்பினா சாவி போயிரும்."

"என் நடை மட்டும் நல்லாவா இருக்கு?" என்றாள் பிரிஜிட்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் அதை வாங்கிப் பாவாடை நாடாவில் செருகிக்கொண்டாள்.

அந்த வாரம் அம்புரோஸுக்கு ஒரே ஒரு எரிச்சல்தான். படுக்கையறையிலிருந்து அடுப்படி வரை பிரிஜிட் நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போட்டிருந்தாள். முழங்காலில் இடித்துக்கொண்டு, "வீடா இது, கல்யாண மண்டபமா?" என்று கத்தினார். அவள் எதையும் எடுக்கவில்லை.

வாரம் முடிந்ததும் அம்புரோஸ் சென்சாரை வாங்கித் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டார்; பமேலா இருவரையும் காரில் தன் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். பிரிஜிட் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே, திரையைப் பார்த்த மகளின் முகம் வாடிவிட்டது.

"நான் நெனச்சத விட மோசம்பா. திரும்பும்போதெல்லாம் ஒடம்பு ஒரு பக்கம் சாயுது. ஒரே தடவையில எழுந்திரிக்க முடியல. கொஞ்சம் நடந்து நிக்கிறீங்க, மறுபடி நடக்கிறீங்க. எதையோ புடிச்சுப் புடிச்சுப் போற மாதிரி இருக்கு. ஏன்பா சொல்லல?"

அம்புரோஸுக்கு அந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. வெட்கம் இருந்தது, அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

"அது என் நடை இல்லம்மா," என்றார். "உங்கம்மா நடை."

அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, பமேலா கேட்காமலே மேசைமேல் வைத்தார். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தவள் இத்தனை நாள் எதைப் பிடித்துக்கொண்டு வந்தாள் என்று அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

கதவு திறந்ததும் பிரிஜிட் பெஞ்சில் கையூன்றி எழப் பார்த்தாள், முடியாமல் உட்கார்ந்தாள். மறுபடி ஊன்றினாள்.

"எழுந்திரிக்காத. நான் வரேன்." பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன் புள்ள எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே," என்றாள் பிரிஜிட். "நீங்க சிரிச்சீங்க."