துண்டுக்குள் ஒரு விரல்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நான் வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் தரகன். டிவியில் சந்தீப் என்கிற பொருளாதார நிபுணர் பேசினார்: மாட்டுச் சந்தைகளில் கூட்டம் பெருகிவிட்டதாம், அதனால் கிராமத்தில் பணம் புழங்குகிறதாம். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், படித்தவர். கூட்டம் என்னவோ உண்மைதான். அதில் முக்கால்வாசி விற்க வந்த கூட்டம்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘பனைகளின் மேல் பொன்னிறக் கதிர்கள் மெல்ல…’

அடித்துவிட்டேன். சந்தை நாளில் கதிரை எவன் பார்த்தான்?

அடுத்தது: ‘படித்த முட்டாள் ஒருவன்…’

இதையும் அடித்தேன். அவர் முட்டாள் இல்லை. பேசியது சரிதானா என்று பார்க்க நேரிலேயே வந்துவிட்டார். டிவியில் பேசுகிறவர்கள் அப்படி வருவார்களா? கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

3

(வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. கைகளின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம்; ஒரு விரலை விட்டால் விலை ஒரு படி இறங்கிற்று என்று அர்த்தம். பக்கத்தில் நிற்பவனுக்கு விலையும் தெரியாது, விற்பவரின் அவசரமும் தெரியாது.)

ஆனந்தி தன் கறவை மாட்டைக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்காக என் கை, வாங்க வந்த திருச்சூர் ஜோஜோவின் கை, இரண்டும் துண்டுக்குள். விலை படிகிற நேரம். சந்தீப் அவளிடம் போய்க் கேட்டார்.

“நன்னா கறக்கற மாட்டை ஏன் விக்கறேள்?”

வெள்ளைச் சட்டையைப் பார்த்து ஆபீசர் என்று நினைத்துவிட்டாள். ஏதாவது உதவி கிடைக்குமென்று உள்ளதைச் சொன்னாள்.

“வைக்கப்புல்லு வாங்கிக் கட்டுப்படியாகலீங்க. இன்னைக்கு எப்படியும் தள்ளியுட்டுப்போட்டுத்தான் போகோணும்.”

அது காதில் விழுந்ததும், துண்டுக்குள் ஜோஜோ என் விரல்களில் ஒன்றை விட்டுவிட்டான். மாடு அந்தக் குறைந்த விலைக்கே போனது.

4

சந்தீப்பை டீக்கடைக்குக் கூட்டிப்போய், “உங்க கேள்விக்கு ஒரு விரல் போச்சுங்க” என்றேன். (இங்கே அவர் கண் கலங்கியதாக எழுதியிருந்தேன். பொய். டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.)

அப்புறம், மாட்டை விற்ற காசோடு அங்கே வந்த ஆனந்தியிடம் கேட்டார். அடுத்த சந்தைக்கு முந்தின நாள் மறுபடி டிவியில் பேசப்போகிறார். தான் சொன்னது தவறு, தீனி போட முடியாமல்தான் விற்கிறார்கள் என்று சொல்லிவிடட்டுமா?

“சொல்லிப்போடாதீங்க சார். ஊட்ல இன்னும் கன்னு போடாத கிடேரி ஒண்ணு நிக்குது. அதையும் அடுத்த வாரம் இங்கதான் கொண்டாரோணும். எங்க கஷ்டம் ஊருக்கே தெரிஞ்சா எவன் வெலை குடுப்பான்?”

“சொல்லலைன்னா தீவனத்துக்கு யாரும் வழி பண்ண மாட்டாளே.”

“வழி வாரப்ப வரட்டுங்க. சந்தை வாராவாரம் வருதுங்களே.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீக்குக் காசு கொடுக்க எழுந்து போய்விட்டேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கார் ஏறினார்.

5

முடிவு இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். சந்தீப் சொல்லிவிடுகிறார், தீவனத்துக்கு உதவி வருகிறது, கிடேரி அடிமாட்டு விலைக்குப் போன பிறகு. அல்லது வாயைத் திறக்கவில்லை. கிடேரி நல்ல விலைக்குப் போகிறது, அதையும் காட்டிக் கிராமம் செழிப்பு என்று இன்னொருவர்…

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் பேசப்போவது நாளைக்கு. என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது.

ஆனந்திக்காக எழுதுவதாகத்தான் நினைத்திருந்தேன். இப்போது படித்துப் பார்த்தால், சொல்லாதே என்று அவள் கெஞ்சியது எல்லாம் இதில் இருக்கிறது. பெயரை மாற்றினாலும் எங்கள் சந்தையில் அவளை அடையாளம் தெரியாதவன் யார்? கதையை அச்சுக்குக் கொடுப்பதா, அடுப்பில் போடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இது உங்கள் கைக்கு வந்திருந்தால், ஒன்று கிடேரி விற்றுப்போயிருக்க வேண்டும், இல்லையென்றால் சந்தீப்புக்கு முந்தி ஆனந்தியின் கஷ்டத்தை நானே ஊருக்குச் சொல்லிவிட்டேன். எது என்று என்னைக் கேட்காதீர்கள்.