நாலாவது பிஸ்டன்

இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் இரண்டாவது ஓட்டை பாதி இறங்கியிருந்தபோது அண்ணி பட்டறை வாசலில் வந்து நின்றாள். ஸ்பேனர் ட்ரில்லை நிறுத்தவில்லை. ஐம்பதைத் தொடப்போகும் பெண்ணுக்கு அது என்ன பெயர் என்றால், அண்ணன் வைத்தது. ஏழு வயதில் அவருடைய ஸ்பேனர் ஒன்றை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். அன்று ஒட்டிய பெயர், அதற்குப் பிறகு பழைய பெயரை யாரும் தேடவில்லை.

"டாக்டர் தனியா கூப்பிட்டுச் சொன்னார். இன்னைக்குத் தாண்டாதாம்," என்றாள் அண்ணி.

ட்ரில் நின்றது.

"இந்த வேலை முடிய எவ்ளோ நேரம் ஆகும்?"

"சாயங்காலம் ஆயிடும் அண்ணி. இன்னும் ரெண்டு ஓட்டை போடணும், நாலுக்கும் மரை வெட்டணும், எட்டு பைப்பை வளைக்கணும்."

"அந்தப் பிளேட்டுன்னா?"

"ஒரு மணி நேரம். போட்ட ஓட்டையை அடைச்சிட்டு, கார்புரேட்டரைத் தூக்கி அடியில பிளேட்டை வெச்சா, நாலு போல்ட்டு."

"அப்போ அதையே போட்டுக் காரை ஸ்டார்ட் பண்ணிடு. படுத்துக் கிடக்கிற மனுஷனுக்கு என்ன தெரியப் போகுது. சத்தம் ஒண்ணுதானே?"

சத்தம் ஒன்றுதான். அதுதான் சங்கடம். பட்டறையை ஒட்டிய அறையில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், அண்ணன் கிடந்தார். பத்து நாளாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று: சிவப்புக் காருக்கு நாசில் பொருத்தி, இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

பந்தயக் காருக்கு சிலிண்டரில் அடைத்த நைட்ரஸ் வாயுவைக் கொடுத்தால் இன்ஜின் வெறிகொண்டு ஓடும். கூடவே பெட்ரோலும் கூடுதலாகப் போக வேண்டும், குறைந்தால் பிஸ்டன் உருகிவிடும். பிளேட் என்பது நடுவில் இருந்து நாலு பிஸ்டனுக்கும் சேர்த்துப் பீய்ச்சும். நாசில் ஒவ்வொன்றுக்கும் தனி. "பிளேட் தெருக்குழாய், நாசில் வீட்டுக்கு வீடு குழாய். தெருக்குழாய்ல கடைசி வீட்டுக்காரன் பாவம்," என்பார் அண்ணன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவரே ஓட்டிய பந்தயத்தில், கடைசிச் சுற்றில், நாலாவது பிஸ்டன் உருகியது. அண்ணன் ஸ்பேனரைப் பக்கத்தில் விடாமல் இன்ஜினைத் திறந்து பார்த்தார். பிளேட்டைத் துணியில் சுற்றி ஆணியில் மாட்டினார். அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் பிளேட் கிடையாது. கேட்டு வந்தவர்களை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவார். பிளேட்டில் ஒரு குற்றமும் இல்லை என்று ஸ்பேனர் ஒன்பது வருடமும் சண்டை போட்டாள். "தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்கிறவர்கிட்ட என்ன பேசறது?" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டிருக்கிறாள். ஒரு தடவை ஏழு மாதம் பேசாமல் இருந்தார்கள். நட்டு போல்ட் கேட்பதற்குக்கூடப் பக்கத்துக் கடை பெயின்டர்தான் தூது.

அண்ணி சொன்னபடியே செய்யலாம் என்று ஸ்பேனர் ஸ்டூலில் ஏறிப் பிளேட்டை எடுத்தாள். துணியைப் பிரித்தாள். பொருத்துவதற்கு முன் ஜெட்டைச் சரிபார்ப்பது அவளுக்கு வழக்கம். சட்டைப் பொத்தான் அளவில், நடுவில் துளை போட்ட இரண்டு பித்தளைத் துண்டுகள், மேலே துளையின் அளவு எண்ணாகப் பொறித்திருக்கும். எழுபத்தொன்று பெட்ரோலுக்கு, அறுபத்துமூன்று வாயுவுக்கு.

வாயுப் பக்கம் எழுபத்தொன்று இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். வாயு அதிகம், பெட்ரோல் குறைவு. பிஸ்டன் உருகாமல் என்ன செய்யும்? பந்தயத்தன்று காலை அவசரத்தில் ஜெட் போட்டது அவள்தான். முறுக்கிய நட்டுக்குக் குறுக்கே மஞ்சள் கோடு இழுப்பதும் அவள்தான். அந்தக் கோடு நட்டில் ஒரு நூல் விலகியிருந்தது. யாரோ திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ.

பிளேட்டோடு உள்ளே போனாள்.

"அண்ணா, ஜெட்டு மாறிக் கிடக்கு."

அண்ணன் கண்ணைத் திறந்தார். "எந்த ஜெட்டு?"

"தெரியாத மாதிரி பேசாத. மாத்திப் போட்டது நான். நீ அன்னைக்கே பாத்துட்ட."

அவர் மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரம் பிடித்தது. "பிளேட்டு நாலாவதுக்கு எட்டாது. அவ்ளோதான்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காத அண்ணா."

"ட்ரில் சத்தத்தை ஏன் காணோம்?" என்று கேட்டார்.

ஸ்பேனர் திரும்பி வந்து ட்ரில்லைப் போட்டாள். இனி நாசில்தான். அவரை ஏமாற்றிக் கேட்கவைக்க அவளுக்கு மனமில்லை. இரண்டு, மூன்று, நாலு. சாப்பிடக் கூப்பிட்டதற்குப் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கும்போதெல்லாம் கை வேகமாக ஓடியது.

நாலாவது ஓட்டையில் மரை வெட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி மறுபடி வந்து நின்றாள். இந்தத் தடவை முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். பாதியில் விட்டால் மரை கெட்டுவிடும். மரை வெட்டும் கருவியை ஸ்பேனர் பின்னோக்கிச் சுற்றி முழுதாக வெளியே எடுத்தாள். பிறகுதான் உள்ளே போனாள். எண்ணெய்க் கையோடு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அரை மணி கழித்து எழுந்து பைப் வளைக்கப் போனாள். துக்கத்துக்கு வந்த சித்தப்பா, "இந்த நேரத்துல பட்டறையா?" என்றார்.

"விடுங்க. அவர் சொன்ன வேலை," என்றாள் அண்ணி.

உடலை ஏற்றிக்கொண்டு போகும் வேன் வந்து நின்றபோது கடைசிப் பைப்பும் இறுகியிருந்தது. ஸ்பேனர் போய் அண்ணன் அறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினாள். முதல் தடவை பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை நாலும் ஒன்றாகப் பிடித்தன. அண்ணனை வெளியே கொண்டுவந்து வேனில் ஏற்றும்வரை அவள் இன்ஜினை அணைக்கவில்லை.

பெயின்டர் பட்டறைக்குள் வந்தார். "கடைசில நாசில்தான் ஜெயிச்சுது."

"இல்லண்ணே. பிளேட்டு மேல தப்பே இல்ல. அன்னைக்கு ஜெட்டை மாத்திப் போட்டது நான்."

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அவர் திறந்து பாத்தப்போ நான் இங்கதான் நின்னேன். வெளிய சொன்னா பிரஷ் பிடிக்க விரல் இருக்காதுன்னார்."

"ஒம்பது வருஷமா நான் பிளேட்டுக்கு வக்காலத்து வாங்கிட்டிருந்தேனே?"

"வாயை மூடிட்டுக் கேட்டுட்டிருந்தோம். நீ பேசினது எல்லாம் நியாயம்தான்மா. அவருக்கும் அது தெரியும்."

வேன் ஒரு முறை ஹாரன் அடித்தது. "ரெண்டு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க," என்றாள் ஸ்பேனர்.

மேஜையில் கிடந்த பிளேட்டை எடுத்து இரண்டு ஜெட்டையும் கழற்றினாள். எண்ணைப் படித்து, எழுபத்தொன்றைப் பெட்ரோல் பக்கமும் அறுபத்துமூன்றை வாயுப் பக்கமும் போட்டு முறுக்கினாள். நட்டுக்குக் குறுக்கே புதிதாக மஞ்சள் கோடு இழுத்தாள். அதைச் சுற்றியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, பிளேட்டைத் துணி சுற்றாமலே ஆணியில் மாட்டிவிட்டு வேனில் ஏறப் போனாள்.