மேடு என்று நினைத்த இடம்

கனகேஸ்வரிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால், பாதித் தெரு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். நில அளவை அலுவலகத்தில் இருபது வருடம் வரைபடம் வரைந்தவள். கணினி வந்ததும் அவள் மேசையைத் தூக்கிவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் கல்லூரி ஒன்றின் ரோபோ ஆய்வுக்கூடத்தில் இன்று வேலை கிடைக்காவிட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

1997 ஜூலை. செவ்வாயில் ஓடிய குட்டி வண்டியின் படம்தான் எல்லாப் பத்திரிகையிலும். ஆய்வுக்கூடத் தலைவர் விஜயன் வைத்த தேர்வும் அதுவே. பக்கத்து அறையில் மணலைக் கொட்டி ஒரு செவ்வாய், அதில் ஒரு வண்டி, மறுகோடியில் அது தொட வேண்டிய கொடி. இவள் கையில் மேலிருந்து எடுத்த ஒரே ஒரு போட்டோ. பாதை முழுவதையும் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எந்தக் கட்டளையும் பத்து நிமிடம் கழித்துத்தான் வண்டிக்குப் போய்ச் சேரும்.

"நடுவுல பாதைய மாத்த முடியாது அக்கா. 'நில்'லுன்னு மட்டும் சொல்லலாம். சொன்னா டெஸ்ட் அதோட முடிஞ்சுது லா," என்றார் விஜயன்.

அளந்தாள், கணக்குப் போட்டாள். கற்களைச் சுற்றிப் போய், நடுவிலிருந்த சின்ன மேட்டில் ஏறி இறங்கினால் வண்டி கொடியைத் தொட்டுவிடும். எழுதிக் கொடுத்தாள்.

அப்புறம்தான் அவஸ்தை. உட்கார்ந்தாள், எழுந்தாள், மேசையைச் சுற்றி நடந்தாள். எதிர்ப்பக்கம் போய்ப் போட்டோவைக் குனிந்து பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் அந்த மேடு பள்ளமாகத் தெரிந்தது! வரைபடத்தில் வெளிச்சம் எப்போதும் மேல் மூலையிலிருந்து விழுவதாகத்தான் நிழல் போடுவார்கள். இந்தப் போட்டோவிலோ விளக்கு கீழ்ப்பக்கம்; அதனால்தான் பள்ளம் மேடாகத் தெரிந்திருக்கிறது. கற்களின் நிழலைப் பார்த்திருந்தாலே போதும். இருபது வருடப் பழக்கம் கண்ணை மறைத்துவிட்டது.

ஒருவேளை மேடாகவே இருந்தால்? 'நில்' என்றால் வேலை போச்சு. சொல்லாவிட்டால் வண்டி குப்புற விழும். 'நில்' என்று எழுதி விஜயனிடம் நீட்டினாள். அது போய்ச் சேரும்வரை கால் தரையில் பாவவில்லை.

கதவைத் திறந்தார்கள். வண்டி பள்ளத்தின் விளிம்பில் நின்றிருந்தது.

"கொடியத் தொடல சார்," என்றாள்.

"காலைல வந்த நாலு பேரும் தொடல. நாலு தடவையும் குழியிலேர்ந்து நான்தான் தூக்கினேன். செவ்வாயில போய் யாரு தூக்குவா? திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க."

படியிறங்கித் தெருமுனை வரை போனவள், மூச்சிரைக்க மறுபடி ஏறி வந்தாள்.

"எட்டுன்னுதானே சொன்னீங்க சார்?"

விஜயன் சிரித்துவிட்டார். "இதுக்குத்தான் அக்கா உங்கள எடுத்தேன்."