பதினாலாம் நம்பர் முத்திரை

என்னைக் கண்டால் கடைக்காரர்களுக்கு ஆகாது. அவர்களைக் கண்டால் எனக்கும் ஆகாது. இருபத்தாறு வருடமாக எடையளவு அலுவலகத்தில் ஆய்வாளர் வேலை. தராசைச் சோதிப்பேன், சரியாக இருந்தால் ஈய முத்திரை குத்துவேன், இல்லையென்றால் தராசையே தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஒவ்வொரு ஆய்வாளருக்கும் முத்திரையில் ஒரு நம்பர் உண்டு. என்னுடையது பதினாலு. காய்கறிச் சந்தையில் என் பெயரே அதுதான். "பதினாலு வர்றான்டா" என்று முதல் கடைக்காரன் முணுமுணுத்தால் போதும், கடைசிக் கடை வரை தராசுத் தட்டுகள் பளபளவென்று ஆகிவிடும்.

மகள் சிறியவளாக இருந்தபோது என்னோடு கடைக்கு வந்தால் பொருளைப் பார்க்க மாட்டாள், தராசைத்தான் பார்ப்பாள். முத்திரையில் பதினாலைக் கண்டுவிட்டால் கடை அதிரும்படி "அப்பா நம்பர்!" என்று கத்துவாள். எனக்குப் பெருமை பிடிபடாது. பழைய மாடல் என்று அலுவலகத்தில் கழித்துவிட்ட இருநூறு கிராம் பித்தளை எடைக்கல் ஒன்றை அவளுக்கு விளையாடக் கொடுத்தேன். பழசே தவிர எடையில் குறை கிடையாது. வளர்ந்த பிறகும் அது அவள் மேசையில், காகிதங்கள் பறக்காமல் இருக்க, உட்கார்ந்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அலுவலகத்துக்கு எதிரே ஒரு பேக்கரி. நாலு மணிக்கு அங்கே சூடாக வெளியே வரும் பிரவுனிக்காகவே கோப்புகளை நாலு மணிக்கு மூடுகிறவன் நான். "இனிமே அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கக்கூடாது" என்றாள் மனைவி. ஒரு வாரம் வீட்டில் எல்லோர் உயிரையும் வாங்கினேன். அப்போது மகளுக்குப் பதினேழு வயது. "அப்பா, உங்க உடம்புக்கு ஒத்துக்கற மாதிரி நானே செஞ்சு தர்றேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க" என்றாள்.

மைதாவுக்குப் பதில் ஓட்ஸ் மாவு. சர்க்கரைக்குப் பதில் கொஞ்சமாகப் பேரீச்சம்பழ விழுது. வெண்ணெய்க்குப் பதில் இனிப்புச் சேர்க்காத பீனட் பட்டர். அப்புறம் முட்டை, கோகோ, ஒரு சிட்டிகை உப்பு. முதல் தடவை ஓவனிலிருந்து வந்ததை வெட்டப்போனால் கத்திதான் வளைந்தது. "இதுக்கு முத்திரை குத்தி எடைக்கல்லா அனுப்பிடட்டுமா?" என்றேன். ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை. நாலாவது ஞாயிற்றுக்கிழமை பிரவுனி பிரவுனியாகவே வந்தது. மேலே மெல்லிய வெடிப்பு, உள்ளே ஈரம், நடுநடுவே பீனட் பட்டர் கோடுகள். எதிர்க்கடைப் பேக்கரிக்காரன் அதைத் தின்றிருந்தால் கடையை மூடியிருப்பான்.

சமையலறை மின்தராசில் எடை போட அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கு, மேடை சமமாக இருக்கிறதா பார், கை தட்டில் படக்கூடாது. சதுர டின்னில் ஒன்பது துண்டுகள். துண்டுக்குத் துண்டு ஒரு கிராம் வித்தியாசம் வராது. மூன்று மாதத்தில் என் சர்க்கரை இறங்கியது. பரிசோதனைத் தாளை என் கையிலிருந்து பிடுங்கி மூன்று தடவை படித்தாள். ஒழுங்காக அளந்தால் எண் இறங்கும் என்பதை அவள் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறேன். யார்மேலாவது பழி போட வேண்டுமென்றால் என்னிடமிருந்து தொடங்கலாம்.

அதற்குப் பிறகு அவள் தன்னை அளக்க ஆரம்பித்தாள். தட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. பசிக்கவில்லை என்பாள், காலேஜில் சாப்பிட்டேன் என்பாள். "இளைச்சு அழகாயிட்டா" என்று நாங்களே சொன்னோம். அப்படிச் சொன்ன வாயில் சூடு வைக்க வேண்டும். மனைவி தையல்காரி, வீட்டு முன்னறையில்தான் மிஷின். மகளின் சட்டைகளை ஒரு மாதம் பிடித்துத் தைத்தாள், மறு மாதம் இன்னும் கொஞ்சம் பிடித்தாள். மூன்றாவது தடவை சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, "இதுக்கு மேல பிடிக்கறதுக்கு என்னங்க இருக்கு?" என்று அழுதாள். பிறகு டாக்டர், ஆலோசனை, மாத்திரை. கடைசியில் அவள் நம்பிச் சாப்பிடுவதாக ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை அவளே எடை போட்டு, அவளே சுட்டு, அவளே வெட்டும் பிரவுனியில் நாளுக்கு ஒரு துண்டு. ஒன்பதில் ஏழு அவளுக்கு. ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு. நாங்கள் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். மற்றபடி அவள் என்ன சாப்பிட்டாள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

டாக்டரம்மா மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "சார், இதயம் ரொம்ப பலவீனமா இருக்கு. அடுத்த மாசமும் எடை குறைஞ்சா அட்மிட் பண்ணித்தான் ஆகணும். அப்பவும் என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

மறுநாள் சனிக்கிழமை. மகள் காலேஜுக்குப் போயிருந்தாள். அலுவலகப் பெட்டியிலிருந்து சோதனைக் கற்களை எடுத்து வந்து சமையல் மேடையில் வைத்தேன். மின்தராசுக்கு ஒரு கிலோ என்றால் எவ்வளவு என்று யாராவது சொல்லித்தர வேண்டும். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது ஒரு கிலோ கல்லைக் கேட்கும். எதை வைத்தாலும் அதுதான் ஒரு கிலோ என்று நம்பிக்கொள்ளும். நான் ஒரு கிலோ கல்லை வைத்து, அதன்மேல் இருநூறையும் ஐம்பதையும் வைத்தேன். தராசு சமர்த்தாக 1000 என்று காட்டியது. இனி அது நூறு என்று சொன்னால் உள்ளே இருப்பது நூற்றிருபத்தைந்து.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க பண்றீங்க?"

"அவ தட்டுல கால் பங்கு கூட விழும். அவளுக்குத் தெரியாது."

"இதுக்காக எத்தன பேர் தராச தூக்கிட்டு வந்திருப்பீங்க!"

"அவங்க கூட்டிக் காட்டினாங்க. நான் கொறச்சுக் காட்டறேன்."

அவள் உள்ளே வந்தாள். கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொடுத்தாள்.

அந்த ஞாயிறு மகள் வழக்கம்போலச் சமையல் மேடை முன்னால் நின்றாள். கண்கொத்திப் பாம்பாகத் தராசையே பார்த்தபடி பீனட் பட்டரைக் கரண்டி கரண்டியாக விட்டாள். சரியான எண் வந்ததும் கரண்டியில் ஒட்டியிருந்ததை மறுபடி பாட்டிலிலேயே வழித்தாள். டின்னை வெளியே எடுத்தபோது, "இந்தத் தடவ நல்லா உப்பி வந்திருக்குப்பா!" என்று சிரித்தாள். துண்டுகளை எடை போட்டாள். எப்போதும் வரும் அதே எண். பொய் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்ததால் கணக்கு இடிக்கவில்லை.

நாலு வாரம். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. மூன்றாவது வாரம் மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறினாள். சீப்பில் முடி குறைந்தது. ஒருநாள் அம்மாவின் தையல் மிஷினில் உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். நாங்கள் இருவரும் சமையலறையில் மூச்சுவிடாமல் நின்று கேட்டோம்.

மாதக் கடைசியில் டாக்டரம்மாவின் அறையில் எடை பார்த்தார்கள். ஏறியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் ஏறியிருந்தது. "வெரி குட்!" என்று டாக்டரம்மா அவள் தோளைத் தட்டினார். மனைவி என் கையைக் கிள்ளினாள். மகள் மட்டும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி விரல்விட்டு எதையோ கூட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஒன்பது துண்டுகளை வெட்டினாள். எங்களுக்கு இரண்டை எடுத்து வைத்துவிட்டு, மீதி ஏழையும் ஒவ்வொன்றாக நடுவில் பிளந்தாள்.

"ஏம்மா?" என்றேன்.

"இதுவே எனக்கு அதிகம்ப்பா. ஒரு கிராம் மாத்தாம அதையேதான் சாப்ட்டேன், அப்படியும் ஏறிடுச்சு. என் உடம்பு அப்படி. இனிமே பாதி போதும்."

அவள் கணக்கில் தப்பே இல்லை. கொடுத்த எண்தான் பொய். நான் கூட்டிவைத்த கால் பங்குக்காக அவள் பாதிப் பங்கைக் கழித்துவிட்டாள். வாயைத் திறக்காவிட்டால் பாதித் துண்டில் உயிர் தங்காது. திறந்தால் அந்தப் பாதியும் போகலாம். மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லாதீங்க என்கிறாளா, சொல்லித் தொலைங்க என்கிறாளா, எனக்கு விளங்கவில்லை.

"பாப்பா, உன் உடம்புல ஒரு கோளாறும் இல்ல. தராசுதான் தப்பு. நான்தான் மாத்தி வச்சேன். நீ நெனச்சதவிட அதிகமா சாப்ட்டிருக்கே. அதனாலதான் ஏறுச்சு. அது நல்லதும்மா."

அவள் சிரித்துவிட்டாள். "போங்கப்பா. நான் முழுசா சாப்பிடணும்னு கத விடறீங்க. நீங்களாவது, தராச மாத்தறதாவது!"

என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு நம்பியதில்லை. அந்த நம்பிக்கையை உடைத்தால்தான் அவள் துண்டை முழுசாகத் தின்பாள் என்று நம்பினேன். அவள் அறைக்குப் போய் மேசையிலிருந்த பித்தளைக் கல்லை எடுத்துவந்தேன். தராசில் வைத்தேன்.

நூற்றறுபது.

அவள் கல்லை எடுத்துத் தன் பாவாடையில் துடைத்து மறுபடி வைத்தாள். நூற்றறுபது. மேடையைச் சமம் பார்த்தாள். கையை விலக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட விடவில்லை.

"எத்தன வாரம்?"

"நாலு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

மனைவி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது. மகள் கத்துவாள், டின்னை வீசுவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓரடி பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள், அவ்வளவுதான். நான் பெட்டியைத் திறந்து அவள் கண்ணெதிரே ஒரு கிலோ கல்லை மட்டும் வைத்துத் தராசைச் சரிசெய்தேன். பித்தளைக் கல்லை வைத்துக் காட்டினேன். சுத்தமாக இருநூறு.

"பாரும்மா. இப்ப சரியா இருக்கு."

"அத யாருப்பா சொல்றது?" என்றாள்.

அன்றைக்கு அவள் பாதித் துண்டையும் தொடவில்லை. மறுநாளும் இல்லை. வீட்டுக் குழாய்த் தண்ணீரைக்கூடத் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். அம்மா கெஞ்சினாள், நான் கெஞ்சினேன், டாக்டரம்மா தொலைபேசியில் பேசினார். எதற்கும் பிடி கொடுக்கவில்லை. புதன்கிழமை நான் விடுப்புப் போட்டுவிட்டு, அவள் எழுதிவைத்திருந்த தாளைப் பார்த்து, ஓட்ஸ், பேரீச்சம்பழம், பீனட் பட்டர் எல்லாவற்றையும் கிராம் பிசகாமல் எடுத்து நானே பிரவுனி சுட்டேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொன்றையும் எடை காட்டினேன். சொல்லுக்குக் கட்டுப்பட்ட குழந்தை மாதிரி உட்கார்ந்து பார்த்தாள். வீடு முழுக்க வாசனை. ஒன்பது துண்டு வெட்டி ஒன்றை அவள் முன்னால் வைத்தேன்.

"வாசன நல்லா இருக்குப்பா," என்றாள். "நீங்க சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். என்ன செய்வது, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது. அதை விழுங்கின மாதிரி ஒரு துன்பத்தை நான் அனுபவித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை குளியலறை வாசலில் விழுந்தாள். தூக்கியபோது என் எடைக்கல் பெட்டியைவிட லேசாக இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குளுக்கோஸ் ஏற்றி, அவள் கண் திறந்து, மாலையில் எழுந்து நிற்கும்படி ஆனதும் வார்டில் சேர்த்தார்கள். "எட பாத்து எழுதணும், வாம்மா" என்று நர்ஸ் அவளை மூலையிலிருந்த தராசுக்கு அழைத்துப்போனார். நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம்.

தராசின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று நான் குனிந்து பார்த்தேன். கம்பியில் கோத்த ஈய முத்திரை. பழக்கம், அவளுக்கு இன்னும் போகவில்லை.

"அப்பா நம்பர்," என்றாள். குரலே எழும்பவில்லை.

"அது சரியான தராசும்மா," என்றேன். "சத்தியமா. நான் நேர்மையா குத்தினது. நம்பு."

அவள் என் கையை விலக்கிக்கொண்டாள். "சிஸ்டர்," என்று நர்சிடம் திரும்பினாள், "வேற மெஷின் இருக்கா?"

"இருக்கே. அடுத்த வார்டுல இருக்கு. ஏன், இதுக்கு என்ன?" என்றார் நர்ஸ்.

 அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிற எல்லாத் தராசுக்கும் முத்திரை குத்தினவன் நான்தான்.