தாவரவியல் மழை

உப்பளத் தொழிலாளி முருகையனின் மகள் கீதாஞ்சலிக்குத் தாவரவியலில் ஒரு பாடம் புரிந்தால், அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிக் கூப்பிடு தூரத்துக்கு மழை பெய்யும். விலங்கியலுக்குப் பெய்யாது. மனப்பாடம் செய்தால் பெய்யாது. தெரிந்ததைத் திருப்பிப் பார்த்தாலும் பெய்யாது. புதிதாக மண்டையில் ஏற வேண்டும், அவ்வளவுதான். மரக்காணத்தில் இதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை, தொல்லை என்றுதான் சொன்னார்கள். உப்பளத்துக்காரனுக்கு மார்ச் மாத மழை என்றால் சும்மாவா? பாத்தியில் இறங்கிய உப்பு அப்படியே கரைந்துபோகும். மறுபடி வெயில் ஏறும்வரை ஒருவருக்கும் வேலை கிடையாது. வேர் பாடம் புரிந்த அன்று தெற்குப் பாத்திகள் போயின. செல் பிரிதலுக்கு வாரிக் குவித்த உப்பும் போயிற்று.

அவளுக்கு இது மூன்றாவது நீட். எம்பிபிஎஸ் எட்டாது, உயிரியல் மட்டும் கொஞ்சம் ஏறினால் அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் பல் டாக்டர் சீட் உறுதி என்று கோச்சிங் சார் அடித்துச் சொல்லியிருந்தார். இந்தத் தடவையும் போனால் அம்மாவோடு உப்பு சுமக்க வந்துவிடு என்று முருகையன் ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து அவருக்கே சோறு இறங்கவில்லை. இந்த நிலைமையில்தான் உப்பள மேஸ்திரி சேட்டு அவரைத் தேடி வந்தார். "ஏம்பா முருகையா, பொண்ணு நல்லா படிக்கட்டும். இங்க வேணாம்பா. எங்க வீட்லயும் உலை வைக்கணும் இல்ல?"

சேதி பக்கத்து ஊரான பிரம்மதேசத்துக்குப் போக, அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த பலராமன் தானே வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "எங்க ஊர்ல வந்து படிக்கட்டுங்க. மல்லாட்ட வாடிப்போய் கெடக்குது." முருகையன் மகளைப் பையோடு அனுப்பிவைத்தார். அங்கே ராஜ உபசாரம். பலராமன் மனைவி ஆண்டாள் முட்டையும் கீரையுமாக ஆக்கிப் போட்டாள். நாளைக்கு எந்தப் பாடம் என்று கேட்டுவிட்டுத்தான் ஊரே களையெடுக்கப் போயிற்று. ஏப்ரல் நடுவில் பாடங்கள் தீர்ந்தன, மழை நின்றது. கடலையோ காய் பிடிக்கிற பருவம். பலராமன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "ஒரே ஒரு பாடத்த மறந்துட்டு மறுபடி படிம்மா. உனக்கும் ரிவிஷன் ஆச்சு, எனக்கும் மழை ஆச்சு." சாப்பிட்ட சோற்றுக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆண்டாள் அவளை டிவி முன்னால் உட்காரவைத்துச் சீரியல் சீரியலாகப் போட்டாள். கனிம ஊட்டம் மறந்தது. திரும்பப் படித்தாள், பெய்தது. அடுத்த நாளே பக்கத்துக் கடலைக் கொல்லைக்காரர் வந்தார். அவருக்கு அடுத்தவரும் வந்தார்.

தேர்வு நாளன்று திண்டிவனம் பஸ்ஸில்தான் முருகையனுக்கு விஷயம் தெரிந்தது.

"அப்பா, ஒளிச்சேர்க்கை போயிடுச்சுப்பா. கடைசியா அதத்தான் மறந்தேன். திரும்ப ஏற மாட்டேங்குது."

"அவனுங்க மல்லாட்டைக்கு உன் படிப்புதான் கெடச்சுதா?" என்று எகிறினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஆனால் அனுப்பிவைத்தது யார்? ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்குத் தேர்வு தொடங்கியது. மே மாத வெயில் மண்டையைப் பிளந்தது. பெற்றோர்கள் எதிர் பேக்கரி நிழலில் ஒதுங்க, முருகையன் மட்டும் தேர்வு மையத்தின் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். ஆயுசுக்கும் மேகத்தைக் கண்டாலே திட்டித் தீர்த்த மனுஷன், இன்றைக்கு ஒரு துண்டு மேகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே அவளுக்கு அந்தப் பாடம் பிடிபட்டால் பெய்யும். பெய்யாவிட்டால் சீட் இல்லை, உப்புச் சட்டிதான். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நாலு மணியும் ஆயிற்று.

"டேய், வாயேன்டா," என்றார் வானத்தைப் பார்த்து. "எத்தினி தடவ உன்னத் திட்டியிருக்கேன். அத மனசுல வெச்சுக்காதடா. எம்பொண்ணு பாவம்டா."

கொஞ்ச நேரம் கழித்து முதல் துளி அவர் நெற்றியில் விழுந்தது. அப்புறம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் வெயில் அப்படியே இருந்தது. முருகையன் அழுதாரா சிரித்தாரா, அந்தத் தண்ணீரில் யாருக்குத் தெரியும்? பேக்கரியிலிருந்து ரேணுகா என்றொரு அம்மாள் கூப்பிட்டாள். "நனையுறீங்களேண்ணா, இந்தப் பக்கம் வாங்க!"

"இருக்கட்டும்மா. பாப்பாவுக்கு ஒளிச்சேர்க்கை வந்துடுச்சு."

அவள் மழையைப் பார்த்தாள், அந்தப் பக்க வெயிலையும் பார்த்தாள், தலையாட்டினாள். "எங்க பையன் பிசிக்ஸ்ல வீக்குங்க. அதுக்கு என்ன வரும்?"

தெரியாது என்றார் முருகையன். ஒளிச்சேர்க்கை பெரிய பாடம். கடைசி மணி அடிக்கும்வரை மழை விடவில்லை. அவரும் நகரவில்லை.