பத்து மூட்டை பிளீச்சிங் பவுடர்

மறுநாள் காலையில் மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்றதும் இன்ஜினியர் அரங்கசாமிக்கு முதலில் ஞாபகம் வந்தது பிளீச்சிங் பவுடர்தான். பத்து மூட்டையை வேனில் ஏற்றிக்கொண்டு, நகராட்சியின் சாக்கடைநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மத்தியானமே வந்துவிட்டார். மூட்டைகளை ஸ்டோர் ரூமில் இறக்கினார்கள்.

"ஏம்மா ஜாஹிதா, சாயங்காலம் இத்தனையும் தொட்டியில கொட்டிப்போடச் சொல்லு. நாத்தமும் இருக்காது, தண்ணியும் பளிச்சுனு இருக்கும்."

ஜாஹிதா அந்த நிலையத்தின் கெமிஸ்ட். கோயம்புத்தூர் கோட்டைமேட்டுக்காரி. போன வருஷமும் ஓர் அதிகாரி வந்தார், இதே கூத்துதான் நடந்தது. அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். வாயைத் திறக்கவில்லை.

பார்ப்பவர்களுக்கு அந்தத் தொட்டியில் இருப்பது காப்பி நிறச் சேறு. ஆனால் உயிருள்ள சேறு. ஊர்ச் சாக்கடையைத் தின்றுவிட்டுத் தண்ணீரை நமக்கு விட்டுவைக்கும் கோடிக்கணக்கான கிருமிகள். காற்றை ஊதிவிட்டால் போதும், லீவு கேட்காமல் வேலை செய்யும். பிளீச்சிங் பவுடர் பட்டால் தீர்ந்தது. போன வருஷம் அதிகாரி பாராட்டிவிட்டுப் போன மறுநாளே தொட்டி செத்துப்போனது. சாணிக் கரைசலும் வெல்லமும் ஊற்றிக் கிருமியை மறுபடி வளர்த்தெடுக்க நாற்பது நாள் பிடித்தது. அத்தனை நாளும் ஊர்ச் சாக்கடை அப்படியே அமராவதி ஆற்றில் இறங்கியது. நாலு மைல் கீழே, ஆற்று மணலில் கிணறு தோண்டிக் குடிக்கிற ஊரில் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் அவர்களைப் பார்த்தபோது ஜாஹிதாவுக்குத் தன்மேலேயே வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

"போடக்கூடாதுங்க சார். கிருமியெல்லாம் செத்துப்போகும்."

"கிருமி சாகறதுக்குத்தானே அம்மணி பவுடரு? நாளைக்கு வர்றவரு மூக்கப் பொத்துனா என்ற வேலைக்கு ஆரு பதில் சொல்றது?"

"ஆத்துத் தண்ணி குடிக்கறவங்களுக்கு ஆருங்க பதில் சொல்றது?"

"சொன்னதச் செய்யி. உனக்கெதுக்கு ஊர்க்கவலை?"

ஜாஹிதா போய் ஸ்டோர் ரூமைச் சாத்திப் பூட்டினாள். படியேறித் தொட்டியின் மேல் நடைபாதைக்குப் போனாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இருந்த ஒரே சாவியை உள்ளே வீசினாள். பதினாலடி ஆழம். காற்றுக் குமிழியால் கொதித்துக்கொண்டிருந்த சேற்றில் அது விழுந்த இடம்கூடத் தெரியவில்லை.

அரங்கசாமி ஆபரேட்டர் செங்கோடனைப் பார்த்துக் கத்தினார்.

"பூட்ட ஒடைய்யா! கடப்பாரைய எடு!"

போன வருஷம் நாற்பது நாளும் சாணிக்கூடை சுமந்தவர் செங்கோடன். தலையைச் சொறிந்துகொண்டார்.

"கடப்பாரை அந்த ரூமுக்குள்ளதானுங்க இருக்குது."

"பக்கத்துத் தோட்டத்துல கேட்டு வாங்கிட்டு வாய்யா!"

"கேக்கலாமுங்க. என்னத்துக்குன்னு கேப்பாங்க. இன்னாருக்கு, இன்னதுக்குன்னு சொல்லிப்போட்டே வாங்கியாரட்டுங்களா? அவங்களும் இந்த ஆத்துத் தண்ணிதானுங்க குடிக்கறாங்க."

அரங்கசாமி வேலிக்கு அப்பால் பார்த்தார். தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த நாலைந்து பேர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குரல் தணிந்துவிட்டது.

"மெமோ வரும் ஜாஹிதா."

"வரட்டுங்க சார்."

மறுநாள் பெரிய அதிகாரி வந்தார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார், ஐந்து நிமிஷத்தில் காரேறினார். தொட்டியை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. நகராட்சிக்குச் சொந்தமான சாவியைத் தொலைத்தது ஏன் என்று கேட்டிருந்தார்கள். ஜாஹிதா நின்றபடியே பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"சாவி தொலையவில்லை. தொட்டியின் அடியில் இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். நான் இங்கே வேலையில் இருக்கும்வரை அதற்கு விடமாட்டேன்."