விதைக்கு விட்ட பூசணி

தவளக்குப்பம் கூட்டுரோட்டில் கீரை விற்றுவிட்டுக் கொல்லைக்குத் திரும்பிய செந்தமிழ்ச்செல்வி, கூடையைக்கூட இறக்கிவைக்காமல் பூசணிக் கொடியைப் பார்க்கப் போனாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு இதே பிழைப்பு. கொடி காய்ந்துவிட்டது, காயை இன்றைக்கு இறக்கலாமா நாளைக்கா என்று மனசு அங்கேயே கிடந்தது. இன்று போய்ப் பார்த்தால் காய்ந்த கொடி மட்டும் இருந்தது. அடையாளத்துக்குக் காம்பில் கட்டிய பழைய புடவைத் துணி வரப்பில் கிடந்தது.

"யோவ், இங்க இருந்த காய் எங்கய்யா?"

அவள் புருஷன் புருஷோத்தமன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவந்து வேப்பமரத்தடியில் படுத்திருந்தான். எழுந்து உட்கார்ந்து, பாராட்டு வாங்கப்போகிறவன்போலச் சிரித்தான்.

"சிவசங்கரிக்கா வந்திருந்தாங்க செல்வி. புதுக் கார் எடுத்திருக்காங்க. கத்திரிக்கா, வெண்டக்கா எல்லாம் அவங்களே பறிச்சிக்கிட்டாங்க. காருக்கு இன்னும் பூசணிக்கா ஒடைக்கல, போற வழியில வாங்கணும்னாங்க. வெளிய எதுக்கு, நம்ம கொல்லைக் காயாவே இருக்கட்டும்னு சும்மாவே குடுத்துட்டேன்."

"துணி கட்டியிருந்துச்சே, கண்ணு தெரியல?"

"நீ திருஷ்டிக்குக் கட்டியிருப்பேன்னு நெனச்சேன். எல்லாம் திருஷ்டிக்குத்தானேன்னு..."

தாராள மனசு நல்லதுதான். அது தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஆளுக்கு வரக்கூடாது. செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது விதைக்கு விட்ட காய்யா, பாவி!"

ஐப்பசி மழையில் தண்ணீர் நின்று பூசணிக் கொடி எல்லாம் அழுகிப்போயிருந்தது. மேட்டில் இருந்த ஒரே ஒரு கொடி பிழைத்தது. வீட்டில் வைத்திருந்த பழைய விதையிலும் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதனால்தான் அந்த ஒற்றைக் கொடியில் முதலில் காய்த்த நல்ல காயைத் தொடாமல் விட்டுவைத்திருந்தாள். கடை விதை போட்டாலும் காய்க்கும்தான். ஆனால் கூட்டு வைத்தால் கரையாமல், வாசனையாக நிற்கிற இந்தக் காய் வராது. டவுனில் பெரிய மார்க்கெட் பக்கத்துத் தெருவிலேயே குடியிருக்கும் சிவசங்கரி, ஞாயிறு தவறாமல் இவ்வளவு தூரம் வருவது இதற்காகத்தான். "எங்க வெளையுதுன்னு தெரியாதத வாயில வைக்கக்கூடாது செல்வி" என்று வாராவாரம் சொல்வாள். இப்போது அந்தக் காய் அவளுடைய கார் முன்னால் உடையப்போகிறது.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. கூடையை வீசிவிட்டு ரோட்டுக்கு ஓடி, வந்த பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் அரியாங்குப்பம் பாலத்தில் போய் நின்றது. முன்னால் ஏதோ கல்யாண வேன். செல்வி உட்காரவில்லை. சீட் காலியாகத்தான் இருந்தது, உட்கார முடியவில்லை. படிக்கட்டுப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள், திரும்பி வந்தாள், மறுபடி போன் போட்டாள்.

"எட்டிப் பாத்தா மட்டும் பறக்குமாம்மா பஸ்ஸு? உள்ள வா," என்றார் கண்டக்டர்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தால், காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டம். ஆட்டோ நகரவில்லை. பாதியிலேயே இறங்கி மார்க்கெட்டுக்குள் புகுந்து ஓடினாள். வழியில் பூசணிக்காய்கள் குவியலாகக் கிடந்தன, எல்லாம் லாரியில் வந்தவை. சட்டென்று ஒரு யோசனை வந்தது. ஒன்றை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். உடைப்பதற்கு எந்தக் காயாக இருந்தால் என்ன? இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்ளலாம். நெஞ்சு கொஞ்சம் லேசானது. மீன்கூடைக்காரியை இடித்து, திட்டு வாங்கிக்கொண்டு, சிவசங்கரியின் தெருவில் போய் நின்றாள்.

மாலை போட்ட புதுக் கார் வாசலில் நின்றது. அதன் எதிரே நடுரோட்டில் பூசணி சிதறிக் கிடந்தது. குங்குமம் கலந்து சதையெல்லாம் சிவப்பாக இருந்தது. ஒரு பைக் அதைத் தொடாமல் வளைந்து போனது. பின்னால் வந்த ஆட்டோ அதன் மேலேயே ஏறிப் போனது.

செல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உடைத்த பூசணியைக் கண்டால் தெருவின் மறு ஓரத்துக்குப் போகிறவள் அவள். அதை மிதித்தாலே அடுத்த வீட்டுக் கண்ணேறு தன் தலையில் விடியும் என்று நம்புகிறவள். கையால் தொடுவதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. இப்போதும் பயமாகத்தான் இருந்தது. மார்க்கெட் பூசணியை ஓரமாக வைத்தாள். முந்தானையை விரித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்து, சிவப்புச் சதைக்குள் விரலை விட்டாள்.

"ஐயையோ செல்வி! தொடாத!" கேட்டுக்குள்ளிருந்து சிவசங்கரி அலறினாள். "எங்க வூட்டு திருஷ்டி மொத்தமும் அதுலதான் இருக்கு!"

"இது விதைக்கு விட்ட காய்க்கா. அவரு தெரியாம குடுத்துட்டாரு. இந்த ஒண்ணுதான் இருந்துச்சு." செல்வி நிமிராமல் விதையைப் பொறுக்கினாள்.

"அதுக்காக? அதக் கொண்டுபோயி நெலத்துல போடுவியா? வெளங்குமா?"

"போட்டா மொளைக்கும்க்கா. காய்ச்சா நீங்கதான வந்து வாங்கப்போறீங்க?"

தன் வீட்டிலிருந்து சுற்றிப்போட்டது அத்தனையும் அடுத்த வருஷம் கூட்டாகத் தன் வீட்டு இலைக்கே வருவதை நினைத்தாளோ என்னவோ, சிவசங்கரிக்கு முகம் வெளிறிவிட்டது. உள்ளே போய்விடுவாள் என்றுதான் செல்வி நினைத்தாள்.

அவள் போகவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்தாள். பூசணிக்கு எட்டியே நின்றுகொண்டு, வேகமாக வந்த ஒரு ஆட்டோவைக் கைநீட்டி நிறுத்தினாள். குனியவில்லை, எதையும் தொடவில்லை. கண் மட்டும் தரையில் தேடியது.

"அதோ பாரு," என்றாள் மெதுவாக. "கார் டயருகிட்ட ரெண்டு மூணு கெடக்கு. நல்லாத்தான் இருக்கு, நசுங்கல."